உலக அமைதி நாடிய கவிஞர்

பாராட்டினை விரும்பாத மாந்தர் உலகில் மிகச் சிலரே. தம்மை இகழ்வாரை எதிர்த்துப் பேசுதல் எளிது. தம்மைப் போற்றி, மாலை சூட்டி, விருந்தளித்து உபசரிப்பவர் முன்னிலையிலேயே நின்று, அவர் செல்லும் நெறி தவறானது என்று எடுத்துரைத்தலோ மிகவும் அரிது. அவ்வரிய செயலைத் தம் வாழ்நாளில் ஒருமுறையன்று, பலமுறை செய்து காட்டிய சான்றோர் ஒருவர் வங்க நாட்டிலே தோன்றினார். அவர் பெருங்கவிஞர், தம் பாடல்களைத் தாமே பிறமொழியிற் பெயர்த்தளித்த மொழிபெயர்ப்பாளர், போரும் பகையும் நீங்கி மக்களினம் ஒன்றி வாழவேண்டும் என்று நாடுதோறும் சென்று உரைத்த அமைதித் தூதர். அவரே இரவீந்திரநாத தாகூர் ஆவார்.

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில், ஜோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள தாகூர் மாளிகையில், 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர், பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, மகரிஷி என்று மக்களால் மதிக்கப்பெற்றவர். தாயார் சாரதா தேவி. அம்மாளிகை செல்வத்திற்கு மட்டுமன்றிக் கலைகளுக்கும் உறைவிடமாய் இருந்தது. தமையன்மாருள் துவிஜேந்திரநாதர் தத்துவம் வல்லவர்; சத்தியேந்திரநாதர் இந்தியர்களுள் முதன்முதலாக ஐ.சி.எஸ். பதவி பெற்றவர்; ஜோதீந்திரநாதர் இசையிலும் நாடகத்திலும் தேர்ந்தவர். தமக்கை சுவர்ணகுமாரி புதினங்கள் எழுதிப் புகழ் பெற்றார். இத்தகைய குடும்பத்தில் இளையவராய்ப் பிறந்த சிறுவர், இசையையும் கவிதையையும் காற்றோடு காற்றாக உட்கொண்டு வளர்ந்தார்.

ஆயினும் பள்ளிக்கூடம் அவருக்கு இனிக்கவில்லை. நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, பொருள் விளங்காப் பாடங்களை ஒப்புவிப்பது அவருக்குச் சிறைவாசமாகத் தோன்றியது. ஒரு பள்ளி விட்டு மற்றொரு பள்ளிக்கு மாற்றியும் பயனில்லை. எனவே ஆசிரியர்கள் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். அவர்களுள் ஒருவர் கையாண்ட முறை வியப்பிற்குரியது. அவர் ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் பகுதி பகுதியாகப் பொருள் விளக்கிச் சொல்வார். பின்னர் அதனை வங்கமொழிச் செய்யுளாக்கி முடிக்கும் வரையில் மாணவரை ஓர் அறையிலே அடைத்து வைப்பார். பின்னாளில் உலகம் போற்றிய மொழிபெயர்ப்பாளரின் முதற் பயிற்சி இவ்வாறு அமைந்தது.

1873ஆம் ஆண்டில் தந்தையார் மகனைத் தம்முடன் இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியிலும் மலையிலும் வடமொழியும் வானநூலும் கற்பித்தார். செலவிற்குரிய பணப்பெட்டியைச் சிறுவரிடமே ஒப்படைத்தார். தம்மை நம்பிப் பொறுப்பு அளித்த தந்தையின் செயல் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. உரிமையோடு கூடிய கல்வியே உண்மைக் கல்வி என்னும் கருத்து அன்றே அவருள் வேரூன்றியது எனலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பதினான்கு வயது நிரம்புமுன்னரே, அவர் தம் அன்னையை இழந்தார்.

சட்டம் பயின்று வருமாறு 1878ஆம் ஆண்டில் அவரை இங்கிலாந்திற்கு அனுப்பினர். அங்கே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சிறிது காலம் இலக்கியம் பயின்று, பட்டம் எதுவும் பெறாமலே 1880ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மறு ஆண்டில், தம் குடும்பத்தார் நடத்திய பாரதி என்னும் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேய ஆட்சியாளர் இந்திய மண்ணில் அபினி விளைவித்து, அதனைச் சீன நாட்டிற் கொண்டுபோய் விற்றுப் பெரும்பொருள் ஈட்டி வந்தனர். வேண்டாவென்று தடுத்த சீனத்தின்மேல் 1839ஆம் ஆண்டிலும் 1856ஆம் ஆண்டிலும் போர் தொடுத்து, அவ்வாணிகத்திற்கு வழி திறந்துகொண்டனர். ஒரு நாட்டு மக்களை நஞ்சூட்டி மற்றொரு நாடு செல்வம் சேர்ப்பது அறமாகாது என்று அக்கட்டுரையில் அவர் கண்டித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. பிற்காலத்தில் அவர் போரையும் பேராசையையும் எதிர்த்து முழங்கிய முழக்கங்களுக்கெல்லாம் இதுவே தொடக்கமாகும்.

1883ஆம் ஆண்டில் மிருணாளினி தேவியாரை மணந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் குடும்ப நிலங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பத்மா ஆற்றங்கரையில், இன்று வங்காளதேசத்திலுள்ள சிலைதா என்னும் ஊரிலும், அவ்வாற்றில் மிதந்த படகு வீட்டிலும் அவர் பல நாள் தங்கினார். மாளிகையிற் பிறந்தவர் அங்கேதான் உழவரின் வறுமையையும், வெள்ளத்தின் கொடுமையையும், எளிய மக்களின் இன்பதுன்பங்களையும் கண்ணாரக் கண்டார். அவருடைய சிறந்த சிறுகதைகள் பல அக்காலத்தில் எழுந்தவை.

தாம் இளமையிற் பட்ட துன்பம் பிற சிறுவர்க்கு வாராதிருக்க வேண்டும் என்று எண்ணி, 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தந்தையார் அமைத்திருந்த சாந்திநிகேதனம் என்னும் தவச்சாலையிற் பள்ளியொன்றைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்த மாணவர் ஐவரே. மரநிழலே வகுப்பறை, வானமே கூரை. பள்ளியின் செலவிற்காக அவர்தம் மனைவியார் தம் அணிகலன்களையும் மனமுவந்து அளித்தார். ஆனால் அவ்வம்மையார் 1902ஆம் ஆண்டிலேயே மறைந்தார். மறு ஆண்டில் மகள் ரேணுகாவும், 1905ஆம் ஆண்டில் தந்தையாரும், 1907ஆம் ஆண்டில் இளைய மகன் சமீந்திரநாதனும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இத்தனை துயரங்களும் அவரை வீழ்த்தவில்லை. கண்ணீரெல்லாம் கனிந்து கடவுளை நோக்கிய பாடல்களாகப் பெருகின. அவ்வாறு பெருகிய பாடல்களுள் 157 பாடல்களைக் கொண்டு 1910ஆம் ஆண்டில் வெளிவந்ததே வங்கமொழிக் கீதாஞ்சலி.

1912ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டார். புறப்படும் வேளையில் நோயுற்றமையால் பயணம் தடைப்பட்டது. ஓய்விற்காகச் சிலைதாவிற்குச் சென்றவர், புதிய பாடல் புனைதற்குரிய வலிமை உடலில் இன்மையால், பழைய பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்க்கலானார். நோய் நீங்கிக் கப்பலேறிய பின்னரும் அப்பணி தொடர்ந்தது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்தாரல்லர். வங்கமொழியின் சந்தத்தை ஆங்கிலத்திற் கொண்டுவர இயலாது என உணர்ந்து, கருத்தின் உயிரை மட்டும் எடுத்து, ஓசை நயமுள்ள உரைநடையாக வடித்தார். வங்கக் கீதாஞ்சலியிலிருந்து 53 பாடல்களையும், பிற நூல்களிலிருந்து 50 பாடல்களையும் தேர்ந்து, 103 பாடல்கள் கொண்ட புதியதொரு நூலாகவே அதனை அமைத்தார்.

அந்நூல் உலகிற்குக் கிடையாமலே போயிருத்தலும் கூடும். இலண்டனை அடைந்ததும், கையெழுத்துப் படியிருந்த பையை அவர் மகன் இரதீந்திரநாதர் பாதாள இரயிலில் மறந்து வைத்துவிட்டு இறங்கினார். மறுநாள் அச்செய்தி தெரிய வந்தபோது பதறிப் போனார். நல்வினைப் பயனாக, இரயில்வே நிலையத்தில் தவறிய பொருள்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் அப்பை பத்திரமாய் இருந்தது. ஓவியர் இரோதன்ஸ்டைன் அப்பாடல்களைப் படித்து உருகினார். அயர்லாந்துக் கவிஞர் ஏட்ஸ் முன்னுரை எழுதினார். 1912ஆம் ஆண்டில் இலண்டன் இந்தியா சங்கத்தார் அதனை வெளியிட்டனர். 1913ஆம் ஆண்டு நவம்பரில் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு தாகூருக்கு வழங்கப்பெற்றது. ஆசியக் கண்டத்தார் ஒருவர் அப்பரிசினைப் பெற்றது அதுவே முதன்முறை.

தம் பாடல்களோடு அவர் நின்றுவிடவில்லை. நெசவுத் தொழிலாற் பிழைத்த இந்திக் கவிஞர் கபீர்தாசரின் நூறு பாடல்களை ஈவ்லின் அண்டர்ஹில் அம்மையாரின் துணையோடு ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞர் எலியட்டின் பாடலொன்றையும் பின்னாளில் வங்கமொழிக்குத் தந்தார். அவருடைய நூல்களும் பல மொழிகளிற் பெயர்க்கப்பெற்றன. பிரெஞ்சு மொழியிற் கீதாஞ்சலியை ஆந்திரே ஜீது பெயர்த்தார். நம் மகாகவி பாரதியார் தாகூரின் சிறுகதைகள் சிலவற்றையும் கட்டுரைகள் சிலவற்றையும் தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு என்பது ஒரு நாட்டார் உள்ளத்தை மற்றொரு நாட்டார்க்குத் திறந்து காட்டும் வாயில். ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிந்த பின்னர்ப் பகைத்தல் எளிதன்று. ஆதலின் தாகூரின் மொழிபெயர்ப்புப் பணியும் அமைதிப் பணியும் வேறு வேறல்ல.

புகழ் ஓங்கியது. 1915ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. ஆனால் அதற்கு முன்னரே, 1914ஆம் ஆண்டில், ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டுவிட்டது. நாகரிகத்திற் சிறந்தன எனத் தம்மைத் தாமே மெச்சிக்கொண்ட நாடுகள் ஒன்றையொன்று அழிக்க முற்பட்டதைக் கண்டு கவிஞர் உள்ளம் நொந்தார்.

இந்நிலையில் 1916ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பான் சென்றார். ஆசியாவிற்குப் பெருமை தேடித் தந்த கவிஞரென்று அந்நாட்டார் அவரை எதிர்கொண்டு கொண்டாடினர். ஜப்பானின் கலையழகும், மக்களின் எளிமையும் பொறுமையும் அவர் மனத்தைக் கவர்ந்தன. ஆனால் மற்றொன்றும் அவர் கண்ணிற் பட்டது. ஜப்பான் 1895ஆம் ஆண்டிற் சீனத்தையும், 1905ஆம் ஆண்டில் உருசியாவையும் போரில் வென்று, 1910ஆம் ஆண்டிற் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டிருந்தது. வெற்றிச் செருக்கும் படைப்பெருக்கமும் அந்நாட்டை மேலைநாடுகளின் வழியிலே ஈர்த்துச் சென்றன. இதனைக் கண்டும் இனிய மொழிகளை மட்டும் பேசிவிட்டு மீண்டிருந்தால் விருந்தோம்பியவர் மகிழ்ந்திருப்பர். தாகூர் அவ்வாறு செய்யவில்லை. தோக்கியோ நகரப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், மேலைநாட்டு அறிவியலைக் கொள்க, அதன் ஆதிக்க வெறியைக் கொள்ளற்க என்னும் கருத்தினை வெளிப்படையாக எடுத்துரைத்தார். தம் நாட்டின்மேற் கொண்ட அன்பு பிற நாட்டின்மேற் கொள்ளும் வெறுப்பாகத் திரியுமாயின், அது முடிவில் தன்னையே அழிக்கும் என்று எச்சரித்தார்.

விளைவு யாது? போற்றிய இதழ்கள் தூற்றத் தொடங்கின. அடிமை நாட்டுக் கவிஞரின் பேச்சு வெற்றி பெற்ற நாட்டிற்கு ஏலாது என்று எள்ளினர். வரவேற்கத் திரண்ட கூட்டம் வழியனுப்பத் திரளவில்லை. அவரோ மனந்தளராமல் அங்கிருந்து அமெரிக்கா சென்று, நகர்தோறும் அதே கருத்தினைப் பேசினார். அவ்வுரைகள் 1917ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. போர் நடந்துகொண்டிருந்த காலமாதலின், மேலைநாட்டார் பலர்க்கு அந்நூல் கசந்தது.

அவர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று இதனாற் கருதலாகாது. 1905ஆம் ஆண்டில் வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் இராக்கிக் கயிறு கட்டி உடன்பிறந்தாராய் நிற்கச் செய்தவர் அவரே. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில், ஜாலியன்வாலாபாக்கில் கூடியிருந்த மக்களை ஆங்கிலப் படையினர் சுட்டுக் கொன்றனர். செய்தியறிந்த தாகூர் உறக்கமின்றித் தவித்தார். அடக்குமுறைக்கு அஞ்சி நாடு வாய்மூடியிருந்த நேரத்தில், மே மாத இறுதியில், அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபுவிற்குக் கடிதம் எழுதித் தம் சர் பட்டத்தைத் துறந்தார். தம் நாட்டு மக்கள் இழிவுபடுத்தப்படும்போது தாம் மட்டும் பட்டம் தாங்கி நிற்பது நாணத்தக்கது என்பதே அக்கடிதத்தின் கருத்தாகும். அவ்வாண்டிலேயே, அறிஞர்கள் இனிப் போர்வெறிக்குத் துணைபோகலாகாது என்று பிரெஞ்சு எழுத்தாளர் உரோமன் உரோலந்து வெளியிட்ட அறிக்கையிலும் தாகூர் கையெழுத்திட்டார்.

அமைதியைப் பேச்சால் மட்டும் நிலைநாட்ட இயலாது என்பதை அவர் நன்கறிவார். பல நாட்டு மக்களும் ஒருங்கிருந்து கற்கும் இடம் ஒன்று வேண்டும் என எண்ணி, 1921ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தை முறைப்படி தொடங்கினார். பிரான்சு நாட்டுப் பேராசிரியர் சில்வேன் இலேவி முதலாய அறிஞர்கள் அங்கு வந்து கற்பித்தனர். 1937ஆம் ஆண்டிற் சீன மொழிக்கும் பண்பாட்டிற்கும் எனச் சீன பவனம் அங்கே திறக்கப்பெற்றது. தாம் இருபதாம் வயதில் எந்த நாட்டு மக்களுக்காகப் பரிந்து எழுதினாரோ, அந்நாட்டு மொழிக்குத் தம் முதுமையில் ஓர் இல்லம் அமைத்தார்.

அவர் வாழ்வில் தவறே நிகழவில்லையோ எனின், நிகழ்ந்தது. அதனை அவர் திருத்திக்கொண்ட வகையே நாம் அறிந்து போற்றத்தக்கது. 1926ஆம் ஆண்டில் முசோலினியின் அரசு அவரை இத்தாலிக்கு அழைத்தது. அதற்கு முன்னரே விசுவபாரதிக்கு இத்தாலிய நூல்கள் பல அவ்வரசின் கொடையாக வந்திருந்தன. கவிஞர் சென்றார், சிறப்பான உபசாரத்தைக் கண்டு மகிழ்ந்து நன்றி கூறினார். அந்நாட்டு இதழ்கள் அவர் சொற்களைத் திரித்து, கொடுங்கோலாட்சியை அவர் பாராட்டியதாக எழுதின. பின்னர் அவர் சுவிட்சர்லாந்து சென்றபோது, அவ்வாட்சியின் உண்மைத் தன்மையை உரோமன் உரோலந்து எடுத்துரைத்தார். அதனால் துன்புற்றவர் சிலரும் தம் நிலையைக் கூறினர். தாம் ஏமாந்ததை உணர்ந்த தாகூர் அதனை மறைக்க முயலவில்லை. வன்முறையால் நடக்கும் ஆட்சியைத் தாம் ஒருபோதும் ஆதரிக்க இயலாது என்று எழுதி, அதனை மான்செஸ்டர் கார்டியன் இதழில் உலகறிய வெளியிடச் செய்தார். நேற்றுப் புகழ்ந்த இத்தாலிய இதழ்கள் மறுநாள் வசைபாடின. அவ்வசையை அவர் பொருட்படுத்தவில்லை.

கடைசிச் சோதனை நட்பின் வடிவில் வந்தது. 1937ஆம் ஆண்டில் ஜப்பான் சீனத்தின்மேற் பெரும்போர் தொடுத்தது. மறு ஆண்டில் ஜப்பானியக் கவிஞர் யோனே நோகுச்சி தாகூருக்குக் கடிதம் எழுதினார். அவர் சாந்திநிகேதனத்திற்கு வந்து விருந்தினராயிருந்தவர், தாகூரின் நண்பர். ஆசியாவின் நன்மைக்காகவே அப்போர் நடைபெறுகின்றது என்றும், தாகூர் அதனை ஆதரிக்கவேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். தாகூருக்கு அப்பொழுது வயது எழுபத்தேழு, உடல் தளர்ந்திருந்தது. மௌனமாய் இருந்திருந்தால் யாரும் குறை கூறியிரார். ஆயினும் அவர் மறுமொழி விடுத்தார். பிணக்குவியலின்மேல் ஆசியாவின் ஒற்றுமையை எழுப்ப இயலாது என்பதனை விளக்கினார். ஜப்பானிய மக்களைத் தாம் நேசிப்பதனாலேயே, அவர்களுக்கு வெற்றியை வேண்டாமல், செய்த தவற்றிற்கு இரங்கும் உள்ளத்தையே வேண்டுவதாக எழுதினார். நண்பரைக் கடிந்தாரேயன்றி வெறுத்தாரல்லர்.

1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, சாந்திநிகேதனத்தில் அவருடைய எண்பதாம் பிறந்தநாள் விழா நிகழ்ந்தது. அதற்கென அவர் எழுதிய உரை நாகரிகத்தின் நெருக்கடியைப் பற்றியது. தாம் இளமையில் மேலை நாகரிகத்தின்மேல் வைத்த நம்பிக்கை சிதைந்ததை ஒளியாமற் கூறினார். ஆயினும் மனிதன்மேல் நம்பிக்கை இழப்பது பாவம் என்று கருதி, அந்நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை. போரின் முடிவைக் காணாமலே, 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசாங்கோ மாளிகையிலேயே உயிர் நீத்தார்.

அவர் இயற்றிய பாடலொன்று 1950ஆம் ஆண்டில் இந்தியாவின் நாட்டுப்பண்ணாகவும், மற்றொன்று 1971ஆம் ஆண்டில் தோன்றிய வங்காளதேசத்தின் நாட்டுப்பண்ணாகவும் ஏற்கப்பெற்றன. சாந்திநிகேதனம் 2023ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. நாட்டுக்கு நாடு எல்லை வேண்டும். உள்ளத்திற்கு எல்லை வேண்டா என வாழ்ந்தவரின் பாடலை இரு நாட்டார் தம் சொந்தப் பண்ணாகப் பாடுதல் மிகவும் பொருத்தமுடையதே.

மாணவர்களே! நாட்டுப்பண்ணைப் பாடி நிற்கும்போது அதனை இயற்றிய கவிஞரையும் நினைமின். அவர் பெற்ற பரிசும் பட்டமும் பெரியனவே. ஆனால் உண்மையைக் கூறுதற்காக அவர் இழக்கத் துணிந்த பாராட்டு அவற்றினும் பெரிது. தம் தோழர் தவறிழைக்குமிடத்து அவரை வெறாமல், அஞ்சாமல், அன்போடு எடுத்துக்கூறும் துணிவினை நீங்களும் பெறுவீர்களாயின், அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.